'வாடை பழகிடுச்சு' என்கிறீர்களா? லேப் ஊழியர்களை ஃபார்மலின் என்ன செய்யும்?

விருதுநகர் மாவட்டத்தில் கெமிக்கல் ஆபத்து என்றாலே பட்டாசு ஆலைதான் பேச்சில் வரும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இயங்கும் மருத்துவ லேப்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அங்கும் கவனிக்க வேண்டிய ஒரு பொருள் இருக்கிறது: ஃபார்மலின்.

உடம்பிலிருந்து எடுக்கும் சதைத் துண்டு கெட்டுப் போகாமல் மதுரை மாதிரி பெரிய ஊர் லேபுக்குப் போய்ச் சேர, இதில்தான் போட்டு அனுப்புவார்கள். ஃபார்மால்டிஹைடு வாயு தண்ணீரில் கரைந்திருப்பதுதான் ஃபார்மலின். கேனைத் திறந்தால் வாயு கிளம்பும். வெயில் ஏற ஏற இன்னும் வேகமாகக் கிளம்பும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். சிலருக்குத் தோல் அரிப்பு, ஆஸ்துமாகூட வரலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இதை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. மூக்குக்குப் பின்னால் இருக்கும் தொண்டைப் பகுதியில் வரும் புற்றுநோய்தான் முதல் காரணம். ரத்தப் புற்றுநோய் பிறகு சேர்ந்தது. ஒருநாள் முகர்ந்ததற்கெல்லாம் பயப்பட வேண்டாம். எத்தனை வருஷம், எவ்வளவு அளவு என்பதுதான் கணக்கு.

அந்த அளவை மூக்கை வைத்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். 8 மணி நேர வேலைக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு, காற்றில் 10 லட்சத்தில் 0.75 பங்கு. பலருக்கு வாடை தெரிய ஆரம்பிப்பதே கிட்டத்தட்ட அந்த அளவில்தான். கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துவிடும். "வாடையே இல்லையே" என்று தோன்றும். வாயு அங்கேயேதான் இருக்கும்.

மாஸ்க் போட்டால் போதாதா? சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் வாயுவைத் தடுக்காது. மெஷினுக்காகப் போட்ட ஸ்ப்ளிட் ஏசியும் உதவாது. உள்ளே இருக்கிற காற்றையேதான் சுற்றி விடும். எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும், அதுவும் சரியான இடத்தில். காற்று ஊழியரின் முதுகுப் பக்கமிருந்து வந்து, மேஜையைத் தாண்டி வெளியே போக வேண்டும். ஃபேன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வாயு முகத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கண் கழுவும் கருவிக்கான அமெரிக்கத் தர அளவு நிமிடத்துக்கு 1.5 லிட்டர். அதாவது 22.5 லிட்டர், ஏறக்குறைய ஒன்றரைக் குடம். தினமும் குழாயில் தண்ணீர் வரும் என்று நம்ப முடியாத வறண்ட பூமியில், இதற்கென்று தனியாக ஒரு தொட்டி வைக்காவிட்டால் அவசரத்துக்கு எங்கே ஓடுவது?

சட்டம் என்ன சொல்கிறது? 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான். மூன்று, நாலு பேர் இருக்கும் லேப் வெளியே நிற்கிறது. ஆபத்தான வேலை என்று மத்திய அரசு அறிவித்தால் ஒரே ஒருவர் இருந்தாலும் சட்டம் பொருந்தும் என்ற வழியும் அதிலேயே உண்டு. சின்ன லேப்களை அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

அதுவரை செலவு குறைந்த ஒரு வழி: ஃபார்மலின் முன்கூட்டியே ஊற்றி, மூடி வரும் சின்ன டப்பாக்கள் கிடைக்கின்றன. கேனைத் திறந்து ஊற்றுகிற வேலையே இருக்காது.