கம்பெனியையே நிறுத்தும் கயிறு

மாமியார் வைக்கும் வற்றல் குழம்பு தெருவெல்லாம் மணக்கிறது. புது மருமகள் அதன் செய்முறையைக் கேட்கிறாள்.

புளி இவ்வளவு, மிளகாய் இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று மாமியார் சொல்லுகிறாள். மருமகள் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு, அப்படியே வைக்கிறாள். ஆனால் அந்த ருசி வரவில்லை!

ஏன்? மாமியாரின் கைப்பக்குவம் காகிதத்தில் ஏறவில்லை. அடுப்படியில் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அது வரும். மாமியாரும் மனம் வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதே தொல்லை உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகளுக்கும் உண்டு. ஒரு கம்பெனிக்குப் பல நாடுகளில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஒரு நாட்டுத் தொழிலாளிக்குத் தெரிந்த நுணுக்கம் இன்னொரு நாட்டுத் தொழிலாளிக்கும் தெரிய வேண்டும். யந்திரத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடலாம். கைப்பக்குவத்தை எதில் ஏற்றுவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய இரண்டு கார் கம்பெனிகளின் கதை இது.

இழுத்து மூடினார்கள்

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், பிரீமாண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஒரு கார் தொழிற்சாலை நடத்தி வந்தது.

அந்தத் தொழிற்சாலைக்குக் கெட்ட பெயர். ஐந்து பேரில் ஒருவர் வேலைக்கு வராத நாளும் உண்டு. வந்தவர்களில் சிலர் வேலை நேரத்திலேயே குடிப்பார்கள். அதிகாரிகளும் தொழிலாளர்களும் கீரியும் பாம்பும் போல் இருந்தார்கள்.

அங்கே ஒரு சட்டம். என்ன நடந்தாலும் கார்கள் நகர்ந்து வரும் வரிசையை நிறுத்தக்கூடாது! திருகாணி சரியாக ஏறாவிட்டாலும் கார் போய்க்கொண்டே இருக்கும். கோளாறான கார்களைக் கடைசியில் ஓரமாக நிறுத்தி, பிறகு பிரித்துச் சரி செய்வார்கள். செலவு இரட்டிப்பு.

1982-ம் ஆண்டில் கம்பெனி தொழிற்சாலையை இழுத்து மூடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பை இழந்தன.

"அந்த ஊர் ஆட்களே சரியில்லை" என்று பலர் சொன்னார்கள்.

போட்டியாளர்கள் கைகோத்தார்கள்

1983-ம் ஆண்டில் ஓர் அதிசயம் நடந்தது. ஜெனரல் மோட்டார்சும், அதன் போட்டிக் கம்பெனியான ஜப்பானின் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்தன! மூடிய அதே தொழிற்சாலையைத் திறப்பது என்று முடிவாயிற்று. புதிய கம்பெனியை "நும்மி" என்று அழைத்தார்கள். நிர்வாகம் டொயோட்டாவின் கையில்.

இருவருக்கும் ஆதாயம் இருந்தது. நல்ல சிறிய கார் செய்யும் வித்தையை அமெரிக்கர்கள் கற்க விரும்பினார்கள். தங்கள் முறை அமெரிக்கத் தொழிலாளியிடம் பலிக்குமா என்று ஜப்பானியர்கள் அறிய விரும்பினார்கள்.

யாரை வேலைக்குச் சேர்ப்பது? "பழைய ஆட்களுக்கே வேலை கொடுங்கள்" என்றது தொழிற்சங்கம். டொயோட்டா ஒப்புக்கொண்டது. தொடக்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களில், பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் பழைய ஆட்கள்தாம். கெட்ட பெயர் எடுத்த அதே ஆட்கள்!

ஜப்பானில் பாடம்

குழுத் தலைவர்களாக இருக்க வேண்டிய சுமார் 450 பேர், பிரிவு பிரிவாக ஜப்பானுக்குப் போனார்கள். டொயோட்டாவின் டகாவோகா தொழிற்சாலையில் சில வாரங்கள் பயிற்சி. வெறும் புத்தகப் படிப்பு அல்ல. ஜப்பானியத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று, அவரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

பாஷை தெரியாது. ஆனால் கை பேசியது; கண் பேசியது.

அமெரிக்கத் தொழிலாளி வேலையில் பின்தங்கினால் யாரும் திட்டவில்லை. "உதவி வேண்டுமா?" என்று ஒருவர் ஓடி வந்தார். வாழ்நாள் முழுவதும் தொழிற்சாலையில் உழைத்தும் அந்தக் கேள்வியைக் கேட்டறியாதவர்கள் அவர்கள். விடைபெறும் விருந்தில் முரட்டு ஆட்கள் கூடக் கண்கலங்கினார்களாம்.

தலைக்கு மேலே கயிறு

அங்கே அவர்கள் பார்த்த பொருள்களில் முக்கியமானது ஒரு கயிறு.

வேலை செய்கிறவரின் தலைக்கு மேலே அது ஓடுகிறது. வேலையில் ஏதாவது தவறு தெரிந்தால், யாராக இருந்தாலும் அதை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும், இசை ஒலிக்கும். குழுத் தலைவர் ஓடி வருவார். சரி செய்ய முடிந்தால் வேலை தொடரும். முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும்!

சாதாரணத் தொழிலாளி, கம்பெனியின் ஓட்டத்தையே நிறுத்தலாம். இழுத்தவருக்குத் திட்டு இல்லை. தவறு ஏன் வந்தது என்று எல்லோரும் சேர்ந்து யோசிப்பார்கள். கண்டுபிடித்த வழியை மற்றவர்களுக்கும் சொல்லுவார்கள். ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடும்.

நும்மியிலும் இதே கயிற்றைக் கட்டினார்கள். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களை அமைத்தார்கள். அதிகாரிக்குத் தனிச் சாப்பாட்டு அறை கிடையாது. கார் நிறுத்தத் தனி இடமும் கிடையாது.

1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. அதன் பெயர் செவ்ரலே நோவா. விரைவிலேயே நும்மி கார்களின் தரம் ஜப்பானில் செய்த கார்களின் தரத்தை நெருங்கியது. வேலைக்கு வராதவர்கள் 100-க்கு சுமார் 2 பேராகக் குறைந்தார்கள். ஆட்கள் பழையவர்கள், நடத்திய விதம்தான் புதிது.

வாக்குறுதி

இங்கே ஒரு கேள்வி எழும்.

"இந்த வேலைக்கு இரண்டு பேர் தேவையில்லை, ஒருவர் போதும்" என்று ஒரு தொழிலாளிக்குத் தோன்றுகிறது. அதைச் சொன்னால் அவர் வேலையே போய்விடலாம். பிறகு எதற்கு வாயைத் திறப்பார்?

இதற்கு நும்மி செய்த ஏற்பாடுதான் முக்கியம். கம்பெனியின் உயிருக்கே ஆபத்து வந்தாலன்றி ஆட்குறைப்புச் செய்யமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அப்படி ஆபத்து வந்தாலும், முதலில் மேலதிகாரிகளின் சம்பளம் குறைக்கப்படும்!

1988-ல் சோதனை வந்தது. கார்கள் விற்கவில்லை. தொழிற்சாலையின் திறனில் ஒரு பகுதி சும்மா கிடந்தது. ஆனாலும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலை இல்லாத நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. அதன் பிறகு தொழிலாளர்களுக்கு நம்பிக்கை பலமாயிற்று.

படம் பிடித்தும் பயனில்லை

இந்த வித்தையைத் தன் மற்றத் தொழிற்சாலைகளுக்கும் கொண்டு போக ஜெனரல் மோட்டார்ஸ் முயன்றது. நும்மியின் மூலை முடுக்கெல்லாம் படம் பிடித்து, அதைப் போலவே அமையுங்கள் என்று ஓர் அதிகாரி உத்தரவிட்டதாகச் சொல்லுவார்கள். யந்திரம் படத்தில் விழும். நம்பிக்கை விழுமா?

அதே கலிபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்திலும் குழு முறையைப் புகுத்தினார்கள். அதிகாரம் போய்விடுமோ என்று அதிகாரிகள் பயந்தார்கள். வேலை போய்விடுமோ என்று தொழிலாளர்கள் பயந்தார்கள். தொழிற்சங்கமே இரண்டு கட்சியாகப் பிளந்தது. 1992-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. நும்மியில் பயின்ற அதிகாரிகளும் பல இடங்களில் சிதறினார்கள். கற்றது பரவ நெடுங்காலம் ஆயிற்று. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது.

டொயோட்டாவோ, நும்மியில் கற்ற பாடத்தைக் கொண்டு, 1988-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் தன் சொந்தத் தொழிற்சாலையைத் திறந்துவிட்டது.

நும்மியும் நிலைக்கவில்லை. கூட்டிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் விலகியது. டொயோட்டா தனியாக நடத்த விரும்பவில்லை. 2010 ஏப்ரல் 1-ந் தேதி நும்மியின் கதவு மூடியது. சுமார் 4,700 பேர் வேலை இழந்தார்கள். கம்பெனி இருக்கும் வரைதானே கம்பெனியின் வாக்குறுதி! அந்த இடத்தை டெஸ்லா கம்பெனி வாங்கி, மின்சாரக் கார்கள் செய்யத் தொடங்கியது.

அடுப்படியும் தொழிற்சாலையும்

மறுபடியும் அந்த மாமியாரைப் பார்ப்போம்.

"எல்லாவற்றையும் இவள் கற்றுக்கொண்டால், நாளைக்கு இந்த வீட்டில் நமக்கு என்ன மதிப்பு?" என்று அவள் மனத்தில் பயம் இருந்தால், ஏதாவது ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவாள். "நீங்கள் என்றைக்கும் இந்த வீட்டுக்குப் பெரியவர்கள்" என்ற உறுதி அவளுக்குக் கிடைக்கட்டும். அவளே மருமகளைக் கூப்பிட்டு, "இதோ பார் அம்மா, எண்ணெய் பிரியும் நேரம் இதுதான்" என்று காட்டுவாள்.

தொழிற்சாலையிலும் அப்படித்தான். தெரிந்ததைச் சொன்னால் தன் சோறு போகாது என்று தெரிந்த தொழிலாளிதான் வாயைத் திறப்பான். கயிற்றையும் தைரியமாக இழுப்பான்.