ஏரிக்கரை ஓட்டமும் ஒன்பது மணி ஸ்க்ரிமும்

புதுச்சேரியில் பாகூர் பக்கம் சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறிவிட்டால், அறுத்த வயலில் ஒரு மூலையைக் கொத்திச் சமன்செய்து கபடிக் களம் போடுவார்கள். கட்டி உடைப்பது, மணல் கலப்பது, தண்ணீர் தெளிப்பது, சுண்ணாம்பில் கோடு கிழிப்பது எல்லாமே ஆடுகிற பையன்களின் வேலை. பயிற்சி மட்டும் மார்கழியிலேயே கோயில் திடலில் தொடங்கியிருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓட்டம். பாகூர்ப் பையன்களுக்குப் பாகூர் ஏரி, வில்லியனூர், கூடப்பாக்கம் பையன்களுக்கு ஊசுட்டேரி. ஓடி வந்து தண்டால், பஸ்கி. பிறகு வீட்டில் கேப்பைக் கூழோ பழைய சோறோ. வசதி உள்ள வீடாக இருந்தால் ஒரு முட்டை.

பயிற்சி தர ஒருவர் இருப்பார். இளவயதில் நன்றாக ஆடி, கால் மூட்டு போனதால் நிறுத்திவிட்டு, இப்போது மில் வேலைக்கோ கழனிக்கோ போகிறவர். சம்பளம் கிடையாது. கையில் ஒரு விசில், வாயில் வசவு, அவ்வளவுதான். ஆனால் அணியில் இருக்கும் பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால், அவன் அப்பா முதலில் தேடிப் போவது இவரைத்தான். "அண்ணே, நீங்க சொன்னா கேப்பான், கொஞ்சம் சொல்லுங்க" என்பார். மறுநாள் களத்தில் அந்தப் பையனுக்கு நாற்பது பஸ்கி கூடுதலாகக் கிடைக்கும்.

பந்தயம் என்றால் ராத்திரி முழுக்க. டியூப்லைட் கட்டி, மைக் செட் வைத்து, நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராக அணிகளைக் கூப்பிடுவார்கள். ஏழு பேர் களத்தில், மாற்று ஆட்கள் வெளியே. பாடிப் போகிறவன் யார், கார்னரில் நிற்பவன் யார், கவர் பிடிப்பவன் யார் என்பது ஊரில் டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். ஆட்டம் விடிகாலையில் என்று சீட்டு விழுந்தால் அந்த ஊர்க் கோயில் மண்டபத்திலேயே வேட்டியை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். ஜெயித்தால் சுழற்கோப்பை, கொஞ்சம் பணம், சில ஊர்களில் ஆட்டுக்கிடா. கிடா மறுநாள் குழம்பாகும், அணி முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். பொருள் வசதி ஒன்றும் பெரிதாக இல்லாத வாழ்க்கை. ஆனால் ஒரு விளையாட்டுக்காரன் வளர என்னென்ன வேண்டுமோ, நேரம், உணவு, கண்டிப்பு, பெரியவர் ஒருவரின் கவனம், கைதட்டல், அத்தனையையும் ஊர் தன்னையறியாமல் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதே ஊர்களில் இன்று இன்னொரு வகை அணி இருக்கிறது. நான்கு பேர். கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை ஆட்டம்: பிஜிஎம்ஐ, அல்லது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். கிருமாம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு வீட்டில், டிப்ளமோ படிக்கும் பையன் ஒருவன் ராத்திரி எட்டே முக்காலுக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைக்குள் போகிறான். அந்த அறையில்தான் சிக்னல் நிலையாக நிற்கிறது. டேபிள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பாமல் செல்போன் பக்கம் திருப்பி வைக்கிறான். போன் சூடானால் திரை திக்கும், திக்கினால் செத்தான். சார்ஜரைக் கழற்றிவிடுகிறான். கையில் கொஞ்சம் பவுடர் தடவி, இரண்டு கட்டைவிரலிலும் இரண்டு ஆள்காட்டி விரலிலும் மெல்லிய துணி உறை மாட்டுகிறான். உறை இல்லாமல் வியர்வை பட்டால் விரல் வழுக்காது, ஒட்டும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறான்.

"ஐடி பாஸ் வந்துடுச்சு, உள்ள வாங்க." ஒன்பது மணி ஸ்க்ரிம், அதாவது அணிகள் தமக்குள் மோதும் பயிற்சி ஆட்டம், தொடங்குகிறது. பதினாறு அணிகள், அறுபத்து நான்கு பேர், சுமார் அரை மணி நேர ஆட்டம். ஒரு நாளைக்கு நான்கு, ஆறு என்று ஆட்டங்கள் போகும். இந்த அணியில் ஒருவன் வில்லியனூர் ஒதியம்பட்டு, ஒருவன் கடலூர், ஒருவன் மதுரை. அடுத்த அரை மணி நேரத்துக்கு அந்த அறையில் கேட்பதெல்லாம் துண்டு துண்டான வார்த்தைகள்: "லெஃப்ட் மேட்டுல ஒருத்தன்... நாக்... ஃபினிஷ் பண்ணாத, ஜோன் பாரு... ஸ்மோக் போடு மச்சி, நான் தூக்குறேன்." வெளியிலிருந்து கேட்கும் அம்மாவுக்கு இது பிள்ளை தனியாகப் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. உண்மையில் ஒவ்வொருவனுக்கும் வேலை பிரித்திருக்கிறது. முன்னால் பாய்ந்து சுடுகிறவன் அசால்ட்டர், பின்னால் நின்று தாங்குகிறவன் சப்போர்ட், தூரத்தில் போய் வேவு பார்க்கிறவன் ஒருத்தன். எல்லாருக்கும் மேலே ஐஜிஎல், களத்தில் அணித் தலைவன். வட்டம் எங்கே சுருங்கும், எந்த வீட்டைப் பிடிப்பது, எப்போது சண்டையைத் தவிர்ப்பது என்று நொடிக்கு நொடி முடிவெடுப்பவன் அவன்தான். கடைசி வரை நின்றால் பத்துப் புள்ளி, வீழ்த்தும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி. எப்போது பாய்வது, எப்போது கோட்டைத் தொட்டுத் திரும்புவது என்று கபடியில் பாடிப் போகிறவன் கணக்குப் போடுவானே, அதே கணக்கு.

ஆட்டம் முடிந்தபின் நடப்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பதினொன்றரை மணிக்கு மேல் நான்கு பேரும் பதிவான ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். "எட்டாவது நிமிஷத்துலயே பாலத்தத் தாண்டியிருக்கணும், நீதான் லூட் எடுத்துக்கிட்டு நின்ன" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் மறுக்காமல் ஒப்புக்கொள்கிறான். தன் தவறைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் இந்தப் பழக்கம் பதினெட்டு, பத்தொன்பது வயதில் வருவது சின்ன விஷயம் இல்லை. நம் பள்ளிக்கூடங்கள்கூட இதை அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2000க்குப் பிறகு பிரவுசிங் சென்டர்களில் மணிக்குக் காசு கொடுத்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிய ஒரு தலைமுறை இருந்தது. கணினி வாங்க வசதி இல்லாததால் அது பெரும்பாலும் டவுன் பையன்களோடு நின்றது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், 2018ல் பப்ஜி மொபைல் வந்ததும்தான் ஆட்டம் கிராமத்துக்குள் நுழைந்தது. கொரோனாவில் ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கியாவது வீட்டுக்கு ஒரு போன் வந்தது. திடல் பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் கபடி ஆடியவனும் இந்தப் பக்கம் வந்தான்.

வந்தவனுக்குக் காத்திருந்தது கபடிக்காரன் கண்டிராத ஒரு இடி. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைலை மத்திய அரசு தடைசெய்தது. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடையானது. அதே ஆண்டு ஜூலை 28ஆம் தேதி பிஜிஎம்ஐயும் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. பத்து மாதம் கழித்து, 2023 மே மாதக் கடைசியில் மறுபடி வந்தது. பதினாறு வயதில் ஆடத் தொடங்கிய ஒருவனுக்கு இந்த மூன்று வருஷம்தான் வளரும் பருவம். மழை பெய்தால் பந்தயம் தள்ளிப் போகும், கபடியே இல்லாமல் போய்விடாது. இங்கே ஆட்டம் ஒரு கம்பெனியின் சொத்து. அதன் விதியும் ஆயுளும் ஆடுகிறவன் கையிலும் இல்லை, ஊர் கையிலும் இல்லை. இந்த நிச்சயமின்மையைத் தாங்கிக்கொண்டும் தொடர்ந்து ஆடிய பையன்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லாக் கைப்பேசிப் பையனும் வீரன் என்று சொல்ல வரவில்லை. பத்தில் எட்டுப் பேர் பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள். அதில் சிலர் தூக்கத்தையும் படிப்பையும் தொலைத்தவர்கள். உலக சுகாதார நிறுவனமே விளையாட்டு அடிமைத்தனத்தை நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. பெற்றோரின் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பயத்தில் இன்னொன்றும் கலந்துவிட்டது. 'ஆன்லைன் விளையாட்டு' என்றாலே நம் வீடுகளில் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்திதான் நினைவுக்கு வருகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் சூதாட்டத்தையும் போட்டி ஆட்டத்தையும் பிரித்தது: பணம் கட்டி ஆடுவதற்குத் தடை, இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் போட்டி ஆட்டத்துக்கு விளையாட்டு என்ற அங்கீகாரம். அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், இ-ஸ்போர்ட்ஸ் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் வந்துவிட்டது. 2025 மே மாதம் பீகாரில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சிப் போட்டியாகவும் இடம்பெற்றது. சட்டம் பிரித்துவிட்டது. வில்லியனூர்த் தெருவில் இன்னும் பிரியவில்லை.

தொழில்முறை அணிகள் எப்படி வாழ்கின்றன என்பது இந்தப் பையன்களுக்கு யூடியூப் வழியாக மனப்பாடம். தென் கொரியாவில் 2000ஆம் ஆண்டிலேயே இதற்கென்று சங்கம் அமைந்துவிட்டது. ஸ்டார்கிராஃப்ட் காலத்திலிருந்தே வீரர்கள் ஒரே வீட்டில் தங்கி, ஒரே சமையலைச் சாப்பிட்டு, நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி எடுத்தார்கள். ஃபேக்கர் என்று உலகம் அழைக்கும் லீ சாங்-ஹியோக் 2013ல் அப்படி வந்தவர். அந்த ஆண்டே லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் உலகக் கோப்பை, 2025ல் ஆறாவது கோப்பை. நம் நாட்டில் மும்பை, நவி மும்பையில் பெரிய அணிகள் வீடு எடுத்து வீரர்களைத் தங்கவைக்கின்றன. பையன்கள் அதை பூட்கேம்ப் என்கிறார்கள். பயிற்சியாளர், ஆட்டத்தை அலசிச் சொல்ல ஒருவர், சம்பளம், ஸ்ட்ரீமிங் வருமானம் எல்லாம் அங்கே உண்டு. 2024ல் பிஜிஎம்ஐயின் தேசியப் போட்டிக்குப் பரிசுத் தொகை மொத்தம் 2 கோடி ரூபாய்.

பாகூர்ப் பையனுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே இருப்பது தூரம் மட்டுமல்ல. அங்கே தொண்ணூறு ஃப்ரேமில் ஓடும் போன், இவன் கையில் அறுபதுகூடத் தாங்காத போன். அங்கே ஃபைபர் இணைப்பு, இவனுக்கு மாதக் கடைசியில் தீர்ந்துபோகும் ரீசார்ஜ். மின்சாரம் போனால் டவர் தடுமாறும், ஐஜிஎல் பாதி வாக்கியத்தில் காணாமல் போவான். கபடிக்கு வேண்டியது மண்ணும் உடம்பும். இங்கே கருவியே திறமையின் ஒரு பகுதி. அதனால் திறமை இருந்தும் தோற்பவன் கிராமத்தில்தான் அதிகம்.

உத்தியோகமும் அப்படித்தான். கபடி, வாலிபால் ஆடியவர்களில் சிலர் விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறைக்கும் ரயில்வேக்கும் போனதை ஊர் பார்த்திருக்கிறது. ஒரு சான்றிதழைக் காட்டி அம்மாவைச் சமாதானப்படுத்த முடிந்தது. மத்திய அரசு வேலை ஒதுக்கீட்டுக்கென்று 2020ல் விரிவாக்கிய 63 விளையாட்டுகளின் பட்டியலில் இ-ஸ்போர்ட்ஸ் இல்லை. போட்டியில் வென்ற பையன் வீட்டில் காட்ட வைத்திருப்பது போனில் ஒரு ஸ்க்ரீன்ஷாட்.

அன்று இருந்ததெல்லாம் நல்லது என்று எழுதினால் பொய்யாகிவிடும். மூட்டு கழன்றால் புத்தூர்க் கட்டோடு சரி, பலருக்கு ஆட்டம் இருபத்தைந்தில் முடிந்தது. அதைவிட முக்கியமானது, ஊருக்கு ஒரு அணி, காலனிக்கு ஒரு அணி. திறமை எவ்வளவு இருந்தாலும் இந்தத் தெருப் பையன் அந்தத் தெரு அணியில் ஆட முடியாத ஊர்கள் இருந்தன. அரையிறுதியில் மோதிக்கொண்டால் ஆட்டம் ஆட்டத்தோடு முடியாது. இன்றைய நான்கு பேர் அணியில் உடன் ஆடுகிறவனின் தெரு என்ன என்று எவனும் கேட்பதில்லை. குரலும் குறியும்தான் தெரியும். நான் பேசிப் பார்த்த பையன்களில், காலனி, ஊர் இரண்டிலும் இருந்து சேர்ந்த ஒரு அணி, முதலில் நெட்டில் சேர்ந்து, பிறகுதான் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகப் பழகியிருக்கிறது. ஐஜிஎல் சொன்னால் கேட்கத்தான் வேண்டும், அவன் எந்தத் தெருவாக இருந்தாலும். இந்த ஒன்றுக்காகவே இந்த ஆட்டத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் அந்த மாற்றம் வரவில்லை. அன்று பள்ளியில் கோ-கோ ஆடிய பெண் பத்தாவதோடு நிறுத்தப்பட்டாள். இன்று ஆடுகிறவளுக்கு அப்பாவின் போன், அதுவும் ஒரு மணி நேரம். மைக்கைத் திறந்து பெண் குரல் கேட்டால் எதிர்ப்பக்கம் வரும் பேச்சுக்குப் பயந்து பலர் குரலே இல்லாமல் ஆடுகிறார்கள். குரல் இல்லாமல் அணி ஆட்டம் ஆட முடியாது.

இவர்களுக்குத் தேவைப்படுவது புதுசாக எதுவும் இல்லை. அன்று விசிலோடு நின்றாரே, அப்படி ஒருவர். ஒன்றரை மணிக்கு மேல் விழிக்காதே என்று அதட்டுபவர், கழுத்தையும் மணிக்கட்டையும் அசைத்துப் பயிற்சி செய்யச் சொல்பவர், தோற்ற அன்று போனைப் பிடுங்கி வைத்து நாளைக்குப் பேசலாம் என்பவர். கொம்யூன் நூலகத்திலோ சமுதாய நலக்கூடத்திலோ மாலை நேரத்தில் நல்ல இணைப்புள்ள ஒரு அறையும், அதற்கு ஒரு பொறுப்பாளரும் கிடைத்தால், மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது ஊர் பார்க்க நடக்கும். நல்ல அணிகள் உலகம் முழுக்க இப்போது உடற்பயிற்சியையும் தூக்கத்தையும் அட்டவணையில் சேர்த்திருக்கின்றன. ஏரிக்கரை இங்கே சும்மாதான் கிடக்கிறது.

கிருமாம்பாக்கத்துப் பையனின் அணியில் ஒதியம்பட்டுக்காரன் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி. ஆளை மாற்றச் சொல்லி மதுரைக்காரன் கேட்டானாம். ஐஜிஎல் ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரி ஷிஃப்ட் வாரங்களில் ஸ்க்ரிம்மை மதியம் மூன்று மணிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நேரத்தில் வரும் அணிகள் அவ்வளவு பலமில்லை, பயிற்சிக்குப் போதாது என்று அவர்களுக்கே தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு ஆட்டத்துக்குப் பதில் எட்டு.