காரச் சட்னி இல்லாமல் ஒரு செட்

மறுபடியும் வீடு – 9

"இப்போதைக்கு ஒன்னுமில்லை, ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அந்த ரெண்டு மாதத்தை எப்படிக் கழிப்பது என்று எந்தச் சீட்டிலும் எழுதித் தருவதில்லை. சென்ற வாரம் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைப் பார்த்தோம். இந்த வாரம் வாய்.

சேலம் பக்கத்து வாழப்பாடியில் இருந்துகொண்டு அதைத் தவிர்க்க முடியாது. பாக்கு பலருக்குச் சோறு போடும் ஊர் இது. உரிப்பதும் வேகவைப்பதும் களத்தில் காயப்போடுவதுமாகக் குடும்பம் குடும்பமாக அந்த வேலையில் இருக்கிறார்கள். அந்தப் பாக்கு, புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர், விற்றதோடு நிற்காமல் மென்றவர். கன்னத்தில் அறுவை, அப்புறம் கதிர்வீச்சு. அது உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் சேர்த்துச் சுட்டுவிடுவதால் வாய் எந்நேரமும் காய்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர். நாக்குக்கு ருசி திரும்பவே மாதக்கணக்கானது. தாடை இறுகாமல் இருக்க, ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து வாயைத் திறந்து பழக வேண்டும். அதற்குக் கணக்குப்பிள்ளை அவருடைய பேத்தி. ஒரு குச்சி கூடினால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள்.

மற்றவர்கள்தான் அவரைக் கட்டிலைவிட்டு இறங்க விடுவதில்லை.

"இந்த வெயில்ல களத்துக்கு எதுக்குங்க மாமா? ஆளு அனுப்ப மாட்டமா?"

"பாக்கு வெந்த பதம் பார்க்கவும் ஆளு அனுப்புவியாம்மா?"

நான் அவர் கட்சி. ஒவ்வொரு நொடியையும் ரசித்து வாழுங்கள் என்று நலம் விசாரிக்க வருபவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் கேட்டதோ விலைக்கு மல்லுக்கட்டும் உரிமையை. மெல்வதை விட்டவர் விற்பதை ஏன் விடவில்லை என்று கேட்டேன். "பேத்திக்கு ஃபீஸ் நீங்க கட்டறீங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் களத்தில் யாராவது வாயில் ஒதுக்கினால் அவர் விடுவதில்லை.

செக்கப் தேதி நெருங்கினால் பேச்சு குறையும். கன்னத்தைத் தடவிக்கொண்டே இருப்பார். முடிந்து வந்ததும் கிரிக்கெட். காட்டுவேப்பிலைப்பட்டி மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பிறகு, டிஎன்பிஎல் ஆட்டங்கள் ஊர் வாசலுக்கே வந்துவிட்டன. மேட்ச் இல்லாத நாளில் பேச்சு யுவராஜ் சிங்கிடம் போய் நிற்கும். 2011 உலகக் கோப்பையில் 362 ரன், 15 விக்கெட், தொடர் நாயகன். பிறகு நுரையீரல்களுக்கு நடுவே கட்டி, அமெரிக்காவில் கீமோ. 2012 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மறுபடி இறங்கி 34 அடித்தார். சினிமாவாக இருந்தால் அன்று ஜெயித்திருப்பார்கள். இந்தியா ஒரே ரன்னில் தோற்றது. வியாபாரிக்குப் பிடித்ததும் அந்தத் தோல்விதான். "சீக்காளின்னு பந்துவீச்சுல ஒரு ரன் சலுகை குடுத்தானா பாருங்க" என்பார். 2017-ல் கட்டாக்கில் யுவராஜ் எடுத்த 150, ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய அதிகபட்சம். அதைச் சொன்னால் அவ்வளவாகக் காதில் வாங்குவதில்லை.

போன வாரம் அவருக்குத் தட்டுவடை செட் தின்ன ஆசை. சேலத்துக்காரருக்கு வரக்கூடாத ஆசையா? மருமகள் தட்டுவடையை நொறுக்கி, பீட்ரூட், கேரட் துருவலோடு தயிரில் ஊறப்போட்டுக் கொடுத்தார். காரச் சட்னி கிடையாது.

"இதுக்குப் பேரு செட்டாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கிண்ணத்தைக் காலிசெய்தார். அப்புறம், வெங்காயம் போடவில்லை என்று சண்டை.

(தொடரும்)