மசியாத கட்டியை மசிய வைக்கும் வித்தை

திருமுல்லைவாயிலிலிருந்து அம்பத்தூர்ப் பட்டறைக்கு வேலைக்குப் போகும் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். வாயில் புகையிலை அடக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. கன்னத்தின் உட்புறம் ஒரு புண், மாதக்கணக்கில் ஆறவில்லை. கடைசியில் டாக்டரிடம் போனால், “புற்றுநோய், கத்தி வைக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. ஆறேழு வாரம் கதிர்ச் சிகிச்சை, கூடவே வாரம் ஒரு முறை மருந்து” என்கிறார்.

“கதிர் ஒன்றே போதாதா? மருந்து வேறு எதற்கு?” என்று வீட்டார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மூச்சு முட்டும் செல்கள்

தோட்டத்தில் கோரையைக் கிள்ளிப் போட்டால் மேலே சுத்தமாகிவிடும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். சில கட்டிகளின் கதையும் அதுதான்.

கட்டி விரைவாக வளர்கிறது. ரத்தக் குழாய்கள் அந்த வேகத்துக்கு வளருவதில்லை. ஆகவே உட்புறச் செல்களுக்குப் பிராணவாயு எட்டுவதில்லை. அப்படி மூச்சு முட்டிக் கிடக்கும் செல்லைக் கொல்ல, சாதாரணச் செல்லுக்கு வேண்டியதைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவை! இந்த ரகசியத்தை 1950-களில் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் விஞ்ஞானி கிரே. கதிரின் அளவுக்கு இன்று வழங்கும் பெயரே ‘கிரே’தான்.

கதிரை மூன்று மடங்காக்கினால் நல்ல சதையும் கருகிவிடும். எனவே கதிரைக் கூட்டாமல், கட்டியின் எதிர்ப்பைக் குறைக்க வழி தேடினார்கள்.

அடையாற்றில் நடந்த முயற்சி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அரும் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் வாய்ப் புற்றுக்குக் கதிரோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ‘பிளியோமைசின்’ என்ற மருந்தைச் சேர்த்தபோது பலன் கூடியதை 1980-ல் வெளியிட்டார்கள்.

பிறகு ‘சிஸ்பிளாட்டின்’ முன்னணிக்கு வந்தது. கதிர் செல்லின் மரபு இழையை உடைக்கிறது. செல் அதை ஒட்டுப்போடப் பார்க்கிறது. அந்த ஒட்டு வேலையை இம்மருந்து கெடுத்துவிடுகிறது. கருப்பைவாய்ப் புற்றுக்கும் இக்கூட்டுச் சிகிச்சை நல்லதென்று 1999-ல் அமெரிக்கப் பரிசோதனைகள் காட்டின.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, காது மந்தமானவர்களுக்குச் சிஸ்பிளாட்டின் ஆகாது. அவர்கள் கதி என்ன? பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரி 2023-ல் விடை தந்தது. தலை, கழுத்துப் புற்று உள்ள இத்தகையோருக்கு ‘டோசிடாக்சல்’ மருந்தைச் சிறு அளவில் வாரந்தோறும் கதிரோடு கொடுத்தார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களில் இரண்டாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 42 பேர். மருந்தும் பெற்றவர்களில் 51 பேர். ஆனால் வாய்ப்புண் அதிகமாயிற்று.

தோற்ற முயற்சியும் உண்டு. சில செல்கள், உள்ளே வரும் மருந்தைப் பம்பு வைத்து இறைப்பதுபோல் வெளியே தள்ளிவிடும். இது 1976-ல் தெரிந்தது. அந்தப் பம்பை அடைக்கும் மருந்துகள் சோதனைக் கூடத்தில் ஜெயித்தன. நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

நோயாளியின் கையில் இருப்பது

எல்லாமே டாக்டர் கையில் இல்லை. சிகிச்சை நாட்களில் பீடி, சிகரெட் பிடித்தால் அதன் நச்சுவாயு ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கட்டிக்கு அது கவசம்! ரத்த சோகையையும் டாக்டரிடம் காட்டிக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். திருமுல்லைவாயிலிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், அங்கிருந்து அடையாற்றுக்குப் பஸ். வாரத்தில் ஐந்து நாள் இந்த அலைச்சல் லேசானதல்ல. கூலியும் போகும். புண் கொஞ்சம் ஆறியதும், “இன்று ஒரு நாள் போகாவிட்டால் என்ன?” என்று தோன்றும். அந்த இடைவெளியில்தான் மிஞ்சிய செல்கள் மறுபடி பெருகுகின்றன.

மசியாத கட்டியை மசிய வைக்க மருந்து கண்டிருக்கிறார்கள். நாள் தவறாமல் ரயில் ஏறுவதும், துணைக்கு வீட்டார் ஒருவர் கூடப் போவதும் அம்மருந்தில் பாதி.