கடலில் நிற்கும் எஞ்சின்: உதிரிப்பாகம் வாங்க முன் பார்க்க வேண்டியவை

எமது கரையோரச் சகோதரர்களில் கணிசமானோர் மீன்பிடித் தொழிலை நம்பியே வாழ்கின்றனர். பேருவளையிலும் கற்பிட்டியிலும் மூதூர், கல்முனை, சாய்ந்தமருதிலும் படகில் பணம் முதலிட்ட எல்லோரும் கடலுக்குப் போவதில்லை. சிலர் படகின் சொந்தக்காரர்கள். சிலர் வலைக்கும் எஞ்சினுக்கும் கடன் கொடுத்தவர்கள். சிலர் மீனை எதிர்பார்த்து ஐஸ் வாங்கி வைத்திருப்பவர்கள். எஞ்சின் நடுக்கடலில் நின்றால் இவர்கள் எல்லோருக்கும் நட்டம். படகில் இருப்பவர்களுக்கோ அது உயிர்ப் பிரச்சினை.

நான் படகு எஞ்சின் உதிரிப்பாக வியாபாரம் செய்பவன். "எஞ்சின் இழுக்குதில்லை, புதுக் காபரேட்டர் ஒன்று தாங்க" என்று கேட்டு வருபவர்கள் அதிகம். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு காபரேட்டரில் இருக்காது; தாங்கியிலோ குழாயிலோ இருக்கும். தேவையில்லாத பாகத்தை விற்றால் அன்றைக்கு எனக்கு இலாபம்தான். ஆனால் அதைப் பூட்டிய பின்னும் கோளாறு நீங்காவிட்டால் அவருடைய பணமும் வீண், என் மீதுள்ள நம்பிக்கையும் வீண். எனவே காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யும்படியே நான் சொல்வது வழக்கம். அவற்றை இங்கு ஒழுங்குமுறையாகத் தருகிறேன்.

எரிபொருள் கோளாறு என்று எப்படி அறிவது?

மின்பொறி தடைப்பட்டால் எஞ்சின் பொதுவாகத் திடீரென நின்றுவிடும். எரிபொருள் போதாமல் போனால் அப்படியல்ல. மெதுவாக ஓடும்போது நன்றாக ஓடும். வேகம் கூட்டினால் திணறும். வலு குறைந்து, இருமி இருமி நிற்கும். சிறிது நேரம் விட்டால் மீண்டும் ஸ்டார்ட் ஆகும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பல தடவை கயிறு இழுத்த பின்னும் பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது. மின்பொறியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தாங்கியிலிருந்து ஆரம்பியுங்கள்

முதலாவது, தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகு. அது பூட்டியிருந்தால் எரிபொருள் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, எரிபொருள் வெளியே வர மறுக்கும். கரையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிய எஞ்சின் சற்றுத் தூரம் போய் நிற்பதற்கு இது ஒரு பொதுவான காரணம். மூடியைத் தளர்த்தியதும் எஞ்சின் சீராக ஓடினால் வேறெதுவும் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, குழாயின் நடுவேயுள்ள, கையால் அழுத்தும் றப்பர் பம்ப். எஞ்சின் திணறும்போது ஒருவரை அதை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தும்போது எஞ்சின் தெளிந்தால் கோளாறு தாங்கி, குழாய், வடிகட்டி, எரிபொருள் பம்ப் ஆகியவற்றில் ஒன்றிலேயே உள்ளது. ஓடும்போது றப்பர் சப்பிப்போனால் அதற்கும் தாங்கிக்கும் இடையில் அடைப்பு. எவ்வளவு அழுத்தியும் இறுகவில்லை என்றால் எங்கோ காற்றுப் புகுகிறது, அல்லது றப்பருக்குள் இருக்கும் வால்வு பழுது. அதிலுள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் நோக்கியிருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, குழாய் இணைப்புகள். இங்கு பலர் ஏமாறுவதுண்டு. ஒழுகவில்லையே என்று விட்டுவிடுவார்கள். எஞ்சின் எரிபொருளை உறிஞ்சி எடுப்பதால், வெடித்த குழாயும் தேய்ந்த றப்பர் வளையமும் எரிபொருளை வெளியே விடாமலேயே காற்றை உள்ளே இழுக்கும். இவற்றை மாற்ற அதிகம் செலவாகாது.

தண்ணீர் கலந்த எரிபொருள்

பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகிய மூன்றையும் விடத் தண்ணீர் பாரமானது. தாங்கியின் அடியிலிருந்து சிறிது எடுத்து, தெளிவான கண்ணாடிப் போத்தலில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் வேறாகத் தெரியும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் பலர் கிடைத்ததைக் கிடைத்த கேன்களில் சேர்த்து வைத்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. விலை ஏறியதும் கேனின் அடியிலிருக்கும் கலங்கலையும் ஊற்றிவிடவே மனம் வரும். அந்த ஒரு கோப்பைதான் எஞ்சினைக் கெடுக்கும். எரிபொருள் விற்கும் சகோதரர்களும் கேன்களைக் கழுவி, நன்றாக உலர்த்திய பின்பே நிரப்ப வேண்டும்.

பம்பும் காபரேட்டரும்

இவ்வளவும் சரியென்றால் மட்டுமே எஞ்சினைத் திறக்க வேண்டும். எரிபொருள் பம்ப்பிலுள்ள மெல்லிய சவ்வு கிழிந்தாலோ விறைத்தாலோ வேகத்தில் வலு குறையும். பெரும்பாலும் சவ்வை மட்டும் மாற்றினால் போதும்.

பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின்களைக் கரை சேரச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டியே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் கயிறு இழுத்தே கை சோரும். காபரேட்டரின் சிறு துளைகளைக் கம்பியால் குத்த வேண்டாம். பித்தளைத் துளை பெரிதானால் கலவையின் அளவு மாறிவிடும். சுத்திகரிக்கும் திரவமும் காற்றுமே போதும்.

டீசல் எஞ்சின்

பலநாள் படகுகளின் டீசல் எஞ்சினில் பிரதான எதிரிகள் தண்ணீரும் காற்றும். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னரும் வடித்துவிடுங்கள். தாங்கி வற்றினாலோ, வடிகட்டியை மாற்றினாலோ குழாயில் காற்று அடைக்கும். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப் பம்ப்பை இயக்கி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். நொசிலிலிருந்து பாயும் டீசலுக்கு முன்னால் கையை நீட்டக் கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே புகும்.

சிறு கோளாறு பெருஞ் செலவாவது எப்படி?

எண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மசகெண்ணெய் எரிபொருளுடன் சேர்ந்தே செல்கிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், பிஸ்டன் இறுகும். "எப்படியோ ஓடுது" என்று திணறும் எஞ்சினுடன் ஒரு வாரம் கடலுக்குப் போவதன் விலை இதுதான். ஒரு றப்பர் வளையத்தோடு முடிய வேண்டியது எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வேலையாகிவிடும்.

படகுச் சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சின் திணறுகிறது என்று தொழிலாளர் சொன்னால் அதை வேலைக் கள்ளமாக எண்ண வேண்டாம். படகில் ஒரு சிறு பெட்டியில் பிளக், வடிகட்டி, றப்பர் பம்ப், ஒரு முழக் குழாய், கிளிப்புகள், சாவிகள் இருக்கட்டும். எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நம்மை நம்பிக் கடலுக்குப் போகிறவர்களின் உயிர் நம்மிடமுள்ள அமானிதம். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டே தவக்குல் வைக்க வேண்டும்.