போகும் நேரமும் வரும் நேரமும்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். போவதற்குச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும். வருவதற்கு ஏழு மணி நேரம் போதும். தூரம் மாறவில்லை, விமானமும் அதேதான்.

பூமி சுழல்வதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியானால், கிழக்கு நோக்கிச் சுழலும் பூமியில் மேற்கே போகிறவருக்கு ஊர் எதிர்கொண்டு வந்திருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்வதால், அதற்குள் பறக்கும் விமானத்துக்கு அந்த லாபம் கிடைப்பதில்லை.

உண்மையான காரணம் ஜெட் காற்றோட்டம். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாட்டால் உண்டாகி, பூமியின் சுழற்சியால் திசை திரும்பி, சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று இது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஓய்ஷி. உலகம் படிக்கட்டும் என்று அவர் தம் முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார், உலகம் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மீது பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் சிக்கித் திணறினார்கள்.

ஆற்றோட்டத்தில் செல்லும் பரிசலின் நிலைதான் விமானத்துக்கும். அதன் எஞ்சின் தருவது காற்றைச் சார்ந்த வேகம். ஊர் போய்ச் சேர உதவுவது தரையைச் சார்ந்த வேகம். 2020 பிப்ரவரியில் 'சியாரா' புயலின்போது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரையைச் சார்ந்த வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைக் கடந்தது. அந்த உயரத்தில் ஒலியின் வேகத்தைவிட இது அதிகம். ஆனாலும் அது ஒலித்தடையை உடைக்கவில்லை. சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் மணிக்கு 150 கி.மீ. என்று கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் போய்வர 12 மணி 20 நிமிடம். காற்று இருந்தால் போக 7 மணி 24 நிமிடம், வர 5 மணி 17 நிமிடம். மொத்தம் 12 மணி 41 நிமிடம். 21 நிமிடம் நஷ்டம்! எதிர்காற்றில் விமானம் மெதுவாகப் போகிறது. அதனாலேயே அந்தக் காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. ஆகவே காற்று எவ்வளவு வலுக்கிறதோ அவ்வளவு நஷ்டம் கூடும்.

இதைச் சமாளிக்கத்தான் அட்லாண்டிக்கின் மேல் செல்லும் வழித்தடங்களை அன்றாடக் காற்றைப் பார்த்துப் புதிதாக வகுக்கிறார்கள். கிழக்கே வருபவை ஜெட் காற்றோட்டத்துக்குள் நுழைகின்றன. மேற்கே போகிறவை அதை விலகிச் சுற்றுகின்றன. உருண்டைப் பூமியில் மிகக் குறுகிய பாதையான பெருவட்டத்தை விட்டு, தூரம் கூடினாலும் நேரம் குறையும் பாதையை விமானிகள் எடுப்பது இதனால்தான்.

பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் வில்லியம்ஸ் 2016இல் இதே கணக்கைப் பருவநிலை மாற்றத்தோடு பொருத்திப் பார்த்தார். வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் ஜெட் காற்றோட்டம் வலுக்கும். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குக் கூடுதலாக 2,000 மணி நேரம் வானில் இருக்க வேண்டிவரும் என்றது அவர் ஆய்வு. அத்தனை நேரமும் எரியும் எரிபொருள், மேலும் கார்பன் டை ஆக்சைடாக அதே காற்றில் சேரும்.