அடி காலில் தொடங்குகிறது



வந்த பந்தை மட்டையால் அடிப்பது எளிய செயல் என்றே பார்ப்பவர்க்குத் தோன்றும். மட்டையைக் கையில் ஏந்தி நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சாஃப்ட்பால் என்னும் மென்பந்தாட்டத்தில், சிறுவர் சிறுமியர்க்குப் பந்தடிக்கக் கற்பிக்கும் முறையைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நான் பெயர் பெற்ற ஆட்டக்காரன் அல்லேன். வாழ்நாளின் பெரும்பகுதியை வகுப்பறையில் கழித்தவன். ஓய்வு பெற்றபின், வீராம்பட்டினத்தில் மாலைதோறும் பொழுதுபோக்காக விளையாட வரும் பிள்ளைகளுக்கு இவ்வாட்டத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கற்பிக்கத் தெரியும் என்று எண்ணியிருந்த எனக்கு, கற்பிப்பது எவ்வாறு என்பதை அந்தப் பிள்ளைகளே மீண்டும் கற்பித்தார்கள். அதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்.

முதலில் ஆட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1887ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில், ஃபாராகட் படகுக் கழகத்தின் கூடத்தில் கூடியிருந்த இளைஞர்கள், குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கழியால் அடித்து விளையாடினார்கள். அவர்களுள் ஒருவராகிய ஜார்ஜ் ஹான்காக் அவ்விளையாட்டுக்கு விதிகள் வகுத்தார். அதுவே இவ்வாட்டத்தின் பிறப்பு. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு இதற்கெனச் சம்மேளனம் ஒன்று அமைந்தது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயங்களில் மகளிர் ஆட்டமாக இது இடம் பெற்றது. நம் நாட்டுப் பள்ளிகளுக்கிடையேயும் பல்கலைக்கழகங்களுக்கிடையேயும் நடைபெறும் போட்டிகளிலும் இதற்கு இடம் உண்டு.

பெயரைக் கேட்டுப் பந்து மென்மையானது என்று எண்ணிவிடாதீர்கள். பெரியவர்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். எடை ஏறத்தாழ 180 முதல் 200 கிராம் வரை. கிரிக்கெட் பந்தோ சுமார் 9 அங்குலச் சுற்றளவும் 160 கிராம் அளவு எடையும் உடையது. ஆகவே மென்பந்து பட்டாலும் வலிக்கும். சிறு பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறிய, உண்மையிலேயே மென்மையான பயிற்சிப் பந்துகள் உண்டு. அவற்றிலேயே தொடங்க வேண்டும். தலைக்கவசம் அணியாமல் எந்தப் பிள்ளையும் எறியப்படும் பந்தின்முன் நிற்கலாகாது. மட்டை சுழலும் எல்லைக்குள் மற்றவர் எவரும் நிற்கலாகாது. இவ்விரண்டும் எங்கள் களத்தில் மாறாத சட்டங்கள்.

நம் பிள்ளைகள் அனைவரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தோடுதான் இங்கும் வருகிறார்கள். கிரிக்கெட்டில் மட்டையின் முகம் தட்டை. பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழும்பி வரும். மட்டையைத் தரையில் ஊன்றி நிற்பதும் வழக்கம். மென்பந்தாட்டத்திலோ மட்டை உருண்டை. பந்து தரையில் படாமல் நேரே வரும். மட்டை தோளருகே உயர்ந்து நிற்க வேண்டும். தட்டையான பலகை சிறு பிழையைப் பொறுக்கும். உருண்டைக் கழி பொறுக்காது. ஓர் அங்குலம் மேலே பட்டால் பந்து தரையில் உருளும்; ஓர் அங்குலம் கீழே பட்டால் வானத்தில் எழும்பும்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன். எங்களிடம் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். கடலுக்குச் செல்லும் குடும்பத்துப் பெண். ஓட்டத்தில் அவளை மிஞ்சுவார் இல்லை. ஆனால் மட்டையை எடுத்தால் பந்து படாது. நானோ ஒவ்வொரு பந்துக்கும், "கண்ணைப் பந்தில் வை, முழங்காலை மடக்கு, கையை உயர்த்து, அடியெடுத்து வை, இடுப்பைத் திருப்பு" என்று அடுக்கிக்கொண்டே போனேன். இரண்டு வாரங்கள் இவ்வாறு சென்றன. ஒரு நாள் அவள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, இவற்றில் எதை முதலில் செய்வது?" என்று கேட்டாள். எனக்கு விடை சொல்ல வரவில்லை. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்த வாரத்தில் ஒரு விடியற்காலை, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் பக்கம் நடந்து சென்றேன். அங்கே ஒருவர் தம் மகனுக்கு வீச்சு வலை வீசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன். வலையின் விளிம்பு முழுதும் ஈயக் குண்டுகள். நனைந்த வலை நல்ல பாரம். பையன் கை வலிமையால் அதை எறிந்தான். வலை சுருண்டு கட்டியாக விழுந்தது. தந்தை அதட்டவில்லை. "காலை ஊன்றடா" என்றார். அவ்வளவுதான். மீண்டும் எறிந்தான், மீண்டும் அதே சொல். நான்காம் முறை பையன் கால்களை மணலில் அழுந்த ஊன்றி, உடலைப் பின்புறம் திருப்பி, இடுப்பு முன்னே சுழலக் கைகள் அதைத் தொடருமாறு வீசினான். வலை முழுவட்டமாக விரிந்து நீரில் விழுந்தது.

நான் ஐந்து சொற்களில் கெடுத்ததை அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. மாணவரின் காதில் போடும் சொல்லையும் அளந்தே போட வேண்டும். அன்று எனக்கு மற்றொன்றும் விளங்கியது. வலை வீச்சும் மட்டை வீச்சும் ஒரே இயக்கத்தின் இரு வடிவங்கள். ஆற்றல் தரையில் ஊன்றிய காலில் தோன்றி, இடுப்புக்கு ஏறி, உடம்பு வழியே தோளுக்குச் சென்று, கையைக் கடந்து, முடிவில் மட்டையின் நுனியை அடைகிறது. சங்கிலியின் கண்ணிகளைப்போல ஒன்றையடுத்து ஒன்று அசைய வேண்டும். கை முந்திக்கொண்டால் சங்கிலி அறுந்துபோகும்; கையின் வலிமை மட்டுமே எஞ்சும். பத்து வயதுப் பிள்ளையின் கையில் எவ்வளவு வலிமை இருக்க முடியும்?

ஆகவே நான் இப்போது கற்பிக்கும் வரிசை இது. வலக்கைப் பழக்கம் உள்ள பிள்ளையை எண்ணிக்கொள்ளுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்க்கு எல்லாம் மாறி வரும்.

முதலாவது நிற்கும் நிலை. இடத்தோள் பந்தெறிபவரை நோக்கியிருக்க வேண்டும். பாதங்கள் தோளகலத்தைவிடச் சற்று விலகியிருக்கட்டும். முழங்கால்கள் சிறிது மடங்கட்டும். உடலின் எடை குதிகாலில் தங்காமல் பாதத்தின் முன்பகுதியில் இருக்க வேண்டும். மெல்லத் தள்ளிப் பார்த்தால் தடுமாறாத பிள்ளை சரியாக நிற்கிறது என்று பொருள்.

இரண்டாவது பிடி. இடக்கை கீழேயும் வலக்கை மேலேயுமாக, இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மட்டை உள்ளங்கையில் புதையாமல் விரல்களில் தங்க வேண்டும். கதவைத் தட்டும்போது மரத்தில் படுகின்ற விரல்முட்டிகள் இரு கைகளிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் அமைந்தால் பிடி சரி. இறுக்கிப் பிடித்தல் கூடாது. இறுகிய கை மெதுவான கை. மட்டையும் கனமாக இருத்தலாகாது. பிள்ளை ஒரு கையால் மட்டையைத் தோளுக்கு நேரே நீட்டி, இருபது எண்ணும்வரை தாழாமல் பிடிக்கட்டும். தாழ்ந்துவிட்டால் அது அந்தப் பிள்ளைக்கு உரிய மட்டை அன்று.

மூன்றாவது பின்னே ஒதுங்குதலும் முன்னே அடியெடுத்தலும். பந்தெறிபவரின் கை சுழலத் தொடங்கும்போது, அடிப்பவரின் எடை மெல்லப் பின்காலுக்குச் செல்ல வேண்டும். கைகள் பின்தோளருகே ஒதுங்க வேண்டும். பிறகு முன்கால் ஒரு சாண் அளவு, எறிபவரை நோக்கி, ஓசையின்றி வைக்கப்பட வேண்டும். பயந்த பிள்ளை அந்தக் காலைப் பந்துக்கு விலகிப் பக்கவாட்டில் வைக்கும். அதைக் கண்டால் திட்டாதீர்கள். மென்மையான பந்துக்குத் திரும்பிச் செல்லுங்கள். அச்சம் நீங்கினால் கால் தானே நேராகும்.

நான்காவது திரும்புதல். இதுவே உயிர்நாடி. முன்கால் ஊன்றியதும், பின்காலின் குதி எழும்பி, முழங்கால் உள்ளே திரும்பி, இடுப்பு எறிபவரை நோக்கிச் சுழல வேண்டும். கைகள் இடுப்பைத் தொடர்ந்தே வர வேண்டும். உடலுக்கு அருகாகவே வர வேண்டும். கைகளை அகல விரித்துச் சுழன்று பாருங்கள், பிறகு மார்போடு ஒடுக்கிச் சுழன்று பாருங்கள். ஒடுக்கும்போது வேகம் கூடுவதை உணர்வீர்கள். பௌதிகப் பாடத்தில் நீங்கள் படிக்கும் சுழற்சி விதி இதுவே.

ஐந்தாவது பந்தைச் சந்தித்தல். பந்து தன் உடலுக்கு நேரே வரும்வரை காத்திருப்பது பிழை. முன்காலுக்கு நேரே, உடலுக்குச் சற்று முன்னால் அதைச் சந்திக்க வேண்டும். மட்டையின் நுனியிலிருந்து ஏறத்தாழ அரையடி உள்ளே உள்ள பகுதியில் பட்டால் கைக்கு அதிர்ச்சி மிகக் குறைவு. பந்துக்கு வேகம் மிகுதி. அப்போது வலது உள்ளங்கை மேல்நோக்கியும் இடது உள்ளங்கை கீழ்நோக்கியும் இருக்கும். மரம் வெட்டுவதுபோல் மேலிருந்து கீழே வெட்டுதல் கூடாது. வேண்டுமென்று வானத்தை நோக்கித் தூக்குதலும் கூடாது. பந்து சற்றுத் தாழ்ந்தே வருவதால், அது வரும் வழியிலேயே மட்டை சென்று எதிர்கொள்ள வேண்டும். அடித்தபின் வீச்சைப் பாதியில் நிறுத்தாமல் தோள்வரை செல்ல விடுதல் வேண்டும். இவ்வளவும் நிகழும்போது தலை மட்டும் அசையலாகாது.

இவற்றையெல்லாம் எண்ணி எண்ணிச் செய்ய நேரம் இருக்கிறதா? கணக்கிட்டுப் பார்ப்போம். மகளிர் ஆட்டத்தில் எறியும் தொலைவு 43 அடி, அதாவது சுமார் 13 மீட்டர். எறிபவர் முன்னே அடியெடுத்து எறிவதால், பந்து கடக்கும் தூரம் ஏறத்தாழ 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அத்தூரத்தை 0.4 வினாடியில் கடந்துவிடும். கண் கண்டதற்கு உடல் அசையத் தொடங்கவே 0.2 வினாடி அளவு ஆகும். எஞ்சிய நேரத்தில் ஐந்து அறிவுரைகளை எந்த மனம் நினைவுகூரும்? பயிற்சியில் பழகிய உடல்தான் விடை சொல்ல வேண்டும். அதனால்தான் ஒரு நாளைக்கு ஒரு கண்ணியையே பழக்க வேண்டும் என்கிறேன்.

பழக்குவதற்கும் படிகள் உண்டு. முதலில் பந்தின்றி வெறும் வீச்சு. அடுத்து, அசையாத பந்து. பெயிண்ட் வாளி ஒன்றில் மணலை நிரப்பி, நடுவே பிளாஸ்டிக் குழாயை நட்டு, அதன் தலையில் ரப்பர் குழாய்த் துண்டைச் செருகினால் பந்து தங்கும் கம்பம் ஆயத்தம். அதை இடுப்பு உயரத்தில், முன்காலுக்கு நேரே வைக்க வேண்டும். பிள்ளையின் மார்புக்கு நேரே வைத்தால் பிழையான இடத்தில் அடிக்கவே பழகும். அதன்பின் பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கிப் போடும் பந்து. பிறகு எதிரிலிருந்து மெல்ல வரும் பந்து. இறுதியில்தான் எறியும் பந்து. ஒரு படியில் தவறினால் ஒரு படி கீழே இறங்குவதில் வெட்கம் இல்லை.

அந்தச் சிறுமியின் கதையை முடிக்க வேண்டும் அல்லவா? நானே அவள் வீட்டுக்குச் சென்றேன். "உன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, வா அம்மா" என்று அழைத்தேன். களத்துக்கு வந்ததும், "மட்டை வேண்டாம், உன் அப்பா வலை வீசுவதைச் செய்து காட்டு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே செய்து காட்டினாள். கால் ஊன்றியது, இடுப்பு சுழன்றது, கை தொடர்ந்தது. பிறந்தது முதல் பார்த்து வந்த செயலல்லவா அது! பிறகு மட்டையைக் கொடுத்து, கம்பத்தில் பந்தை வைத்து, "காலை ஊன்று" என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது வீச்சில் பந்து பட்டது. வெகுதூரம் போகவில்லை. ஆனால் அந்த ஓசையைக் கேட்டு அவள் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் மறக்கவில்லை.

அவள் பெரிய வீராங்கனை ஆகிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். சில நாள் அடிக்கிறாள்; சில நாள் தவறவிடுகிறாள். ஆனால் நாள்தோறும் வருகிறாள். மாணவர்களே, நாளை உங்கள் தம்பி தங்கையர் உங்களிடம் ஏதேனும் கற்க வருவார்கள். அது கணக்காகவும் இருக்கலாம், மிதிவண்டியாகவும் இருக்கலாம். அறிந்த அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட உங்கள் நா துடிக்கும். அப்போது, எதை முதலில் செய்வது என்ற அந்தச் சிறுமியின் கேள்வியை நினைவில் கொள்ளுங்கள். அதற்கு விடை தெரிந்தபின் வாய் திறவுங்கள்.

சென்ற மாதம் அவள் தன் தம்பியை அழைத்து வந்தாள். அவன் கையில் மட்டையைக் கொடுத்துவிட்டு அருகில் நின்றாள். அவன் தவறவிட்டான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னை முந்திக்கொண்டு, "காலை ஊன்றடா" என்றாள். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.